தலைமை நியாயாதிபதி லெமுவேல் ஷா

அமெரிக்கப் பெரியார் என்றவுடன் வாஷிங்டன், லிங்கன் முதலிய தேசாதிபதிகளின் பெயர்களே நம்மவர் நினைவுக்கு வரும். அந்நாட்டில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனியே ஒரு சட்ட நிரூபண சபையும், தனியே ஓர் உயர்ந்த நியாயஸ்தலமும் உண்டு. குடிகளின் நிலம், கூலி, கொடுக்கல் வாங்கல், பள்ளிக்கூடம், குற்றம், தண்டனை என்னும் இவையெல்லாம் பெரும்பாலும் அவற்றின் கையிலேயே இருந்து வந்தன. அத்தகைய நியாயஸ்தலம் ஒன்றின் தலைமைப் பீடத்தில் 30 ஆண்டுகள் வீற்றிருந்து, 2,000-க்கு மேற்பட்ட தீர்ப்புகளை எழுதித் தம் ராஜ்யத்தின் எல்லைக்கு வெளியேயும் சட்டத்தின் போக்கையே திருப்பி விட்டவர் மாஸாசூஸெட்ஸ் ராஜ்யத்து லெமுவேல் ஷா. அவர் சரிதத்தில் போற்றத் தக்கனவும் வருந்தத் தக்கனவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. கற்றவரும், கைக்கூலி அறியாதவரும், அடிமைத்தனத்தை வெறுத்தவருமான ஒருவர், அடிமையைப் பிடித்துக் கொடுப்பதற்கும் சிறு குழந்தையைப் பள்ளி வாயிலில் தடுப்பதற்கும் சட்டத்தின் பேரால் இசைந்தது எவ்வாறு என்பதை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்றே இதனை எழுதலானோம்.

ஷா 1781-ம் ஆண்டு ஜனவரி மாதம் 9-ம் தேதி, கடலுக்குள் வளைந்து நீண்டு கிடக்கும் காட் முனையில் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஓக்ஸ் ஷா அவ்வூர்ச் சபையின் கிறிஸ்தவ போதகர், செல்வர் அல்லர். இளமையில் தந்தையாரிடமே பாடங் கேட்டுப் பின்னர் ஹார்வர்டு கலாசாலையிற் சேர்ந்து 1800-ல் பட்டம் பெற்றார். கல்விச் செலவுக்காக விடுமுறை நாட்களில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வந்தார். பட்டம் பெற்றபின்னும் சிறிது காலம் பாஸ்டன் நகரப் பள்ளியொன்றில் உபாத்தியாயராக இருந்தார். பிற்காலத்தில் பாஸ்டன் நகரப் பள்ளிகளைப் பற்றிய வழக்கொன்று அவர் முன் வரவிருந்ததாதலின், படிப்போர் இதனை மனத்தில் இருத்திக் கொள்ளுதல் வேண்டும்.

டேவிட் எவரெட் என்னும் வக்கீலிடம் சட்டம் பயின்று, 1804-ல் வக்கீல் தொழில் செய்யும் உரிமை பெற்றுப் பாஸ்டனில் குடியேறினார். தொழில் மெல்ல மெல்லவே வளர்ந்தது. அந்நாட்களில் தாமஸ் மெல்வில் என்னும் மேஜரின் புதல்வி நான்ஸியை மணப்பதாக நிச்சயமாயிற்று. மணம் நிறைவேறுமுன் அப்பெண் இறந்தாள். அவள் எழுதிய கடிதங்களை ஷா தம் இறுதி நாள்வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தார் என்று அவர் சரிதம் எழுதியோர் குறிப்பர். 1818-ல் எலிஸபெத் நாப் என்பாரை மணந்தார். அவ்வம்மையார் நான்கே ஆண்டுகளில் காலமானார். 1827-ல் ஹோப் ஸாவேஜ் என்பாரை மணந்தார். நான்ஸியின் குடும்பத்தோடு கொண்ட நட்பை மட்டும் அவர் என்றும் விட்டாரல்லர். நான்ஸியின் சகோதரருடைய மகனே ஹெர்மன் மெல்வில் என்னும் நாவலாசிரியர். அவர் 1846-ல் வெளியிட்ட 'டைப்பீ' என்னும் முதல் நூலை ஷாவுக்கே உரிமையாக்கினார். மறு வருஷம் ஷாவின் மகளாகிய எலிஸபெத்தை மணந்து மருமகருமானார். நூல் விற்றுக் குடும்பம் நடத்த இயலாத அவருக்கு மாமனார் பல முறை பொருளுதவி செய்தார். இன்று உலகமெங்கும் படிக்கப்பெறும் 'மோபி டிக்' எழுதப்பட்டதற்கு ஒருவகையில் இந்த நியாயாதிபதியின் பணமும் துணை நின்றதென்னலாம்.

1811 முதல் சில ஆண்டுகளும், பின்னர் 1820-லும் 1829-லும் ஷா ராஜ்யப் பிரதிநிதி சபையில் அங்கத்தினராக இருந்தார். 1821-22 லும் 1828-29 லும் செனெட் சபையில் அமர்ந்தார். 1820-ல் ராஜ்யத்தின் அரசியல் அமைப்பைத் திருத்தக் கூடிய மகாசபையிலும் அவர் ஒருவர். பேசிப் புகழ் பெறும் இயல்பு அவரிடம் இல்லை. குழுக்களில் அமர்ந்து சட்டங்களின் வாசகத்தை ஒழுங்கு செய்யும் ஓசையற்ற வேலையே அவருக்கு வாய்த்தது. அவ்வேலையின் சிறந்த பலன் பாஸ்டன் நகரத்தின் சாசனம். 1820-ல் அந்நகரின் ஜனத்தொகை 43,000-ஐக் கடந்துவிட்டது. ஆயினும் சிற்றூர் வழக்கப்படி, வாக்குரிமை உடையோர் யாவரும் ஒரு மண்டபத்திற் கூடிக் கை தூக்கியே நகரக் காரியங்களை முடிவு செய்து வந்தனர். கூட்டம் மிகுந்தால் கூச்சல். குறைந்தால் சிலர் விருப்பமே பலர் மேல் ஆணை. இதனை மாற்றி, மேயரும் நகர சபையும் ஆளும் முறையை வகுத்து 1822-ல் நடைமுறைக்கு வந்த முதற் சாசனத்தை எழுதியவர் ஷாவே.

1821-ல் ஜேம்ஸ் பிரெஸ்காட் என்னும் நியாயாதிபதி சட்டத்துக்கு மாறாகக் கட்டணம் வாங்கினார் என்று சட்ட நிரூபண சபை குற்றஞ் சாட்டியபோது, சபையின் சார்பில் வழக்கை நடத்தியவருள் ஷாவும் ஒருவர். எதிரியின் வக்கீல், நாவன்மையில் அந்நாட்டில் நிகரற்றவரென்று பெயர் பெற்ற டானியேல் வெப்ஸ்டர். பிரெஸ்காட் பதவி இழந்தார். எதிர்த்து நின்றவரின் ஆற்றலை வெப்ஸ்டர் மறக்கவில்லை.

1830-ல் தலைமை நியாயாதிபதி ஐஸக் பார்க்கர் திடீரென்று காலமானார். கவர்னர் லெவி லிங்கன் அப்பதவியை ஷாவுக்கு அளிக்க எண்ணினார். ஷாவோ அதற்கு முன் சிறு நியாயஸ்தலத்தில்கூட நியாயாதிபதியாக இருந்தவரல்லர். வக்கீல் தொழிலில் ஆண்டுக்கு 15,000 டாலருக்குக் குறையாத வரும்படி வந்து கொண்டிருந்தது. பதவிக்குரிய சம்பளம் 3,500 டாலர். மனைவி மக்களை உடையவர் தயங்கியது இயல்பே. அவரை இசைவிக்கச் சென்றவர் வெப்ஸ்டர். விட்டுப் பிடித்துப் பேசி ஒருவாறு இசைவித்தார். அதனைத் தாம் ராஜ்யத்துக்குச் செய்த பெரிய தொண்டுகளுள் ஒன்றாகவே பிற்காலத்தில் எண்ணி வந்தார். 1830 ஆகஸ்டு 30-ம் தேதி ஷா நியமனம் பெற்றார்.

பருத்த உடல், பெரிய தலை, சொரசொரப்பான முகம், கடுமையான பேச்சு. குழப்பமாக வழக்குரைக்கும் வக்கீல் அவர் முன் நடுங்குவார். பெஞ்சமின் பட்லர் என்னும் வக்கீல் ஒரு நாள் பெரிய நாயொன்றை இழுத்துக்கொண்டு போனாராம். எங்கே என்று கேட்டவருக்கு, உறுமுவது எப்படியென்று இது கற்றுக்கொள்ளத் தலைமை நியாயாதிபதியிடம் அழைத்துப் போகிறேன் என்றாராம். கதை மெய்யோ பொய்யோ, அவரைப் பற்றி அந்நகரத்தார் கொண்டிருந்த எண்ணத்தை இது காட்டும். வீட்டிலோ குழந்தைகளோடு விளையாடும் மென்மையுடையவர்.

அவர் பீடமேறிய காலம் புதுமைகள் நிறைந்த காலம். இருப்புப் பாதைகளும் நெசவாலைகளும் தோன்றின. பழைய ஆங்கிலேயச் சட்ட நூல்களில் இவற்றுக்கு விடையில்லை. விடையில்லாதவிடத்துப் புதிய விதியைத் தாமே வகுக்க ஷா சிறிதும் அஞ்சவில்லை. 1842 என்னும் ஒரே ஆண்டில் அவர் எழுதிய இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தல் நலம்.

பாஸ்டனில் பூட்ஸ் தைக்கும் தொழிலாளர் சங்கமொன்று வைத்து, சங்கத்திற் சேராதவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்வதில்லையென்று கட்டுப்பாடு செய்து கொண்டனர். இது சதிக்குற்றம் என்று கீழ் நியாயஸ்தலம் தீர்த்தது. தொழிலாளருக்காக ராபர்ட் ரான்டூல் வழக்காடினார். பலர் கூடுவது மட்டும் குற்றமாகாது. கூடியதன் நோக்கமோ, அந்நோக்கத்தை முடிக்கக் கொண்ட வழியோ சட்ட விரோதமாயிருந்தாலன்றிச் சதியென்று சொல்லலாகாது என்று ஷா தீர்ப்பளித்தார். மதுவிலக்கின் பொருட்டு, குடிப்பவனை வைத்திருக்கும் பட்டறையில் வேலை செய்வதில்லையென்று தொழிலாளர் சிலர் உறுதி பூண்டால் அதனைக் குற்றமென்போமா என்று எடுத்துக்காட்டும் தந்தார். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் தலை நிமிர்ந்து நடப்பதற்கு இத்தீர்ப்பு முதற்படியாயிற்று.

மற்றொன்று நிக்கோலாஸ் பார்வெல் என்னும் ரயில் இஞ்சின் ஓட்டுபவருடைய வழக்கு. இருப்புப் பாதையின் கிளையைத் திருப்பும் வேலைக்காரன் ஒருவனுடைய கவனக் குறைவால் வண்டி தடம் புரண்டு, பார்வெல்லின் வலக்கை நசுங்கிப் போயிற்று. அவர் கூலி நாளொன்றுக்கு இரண்டு டாலர். கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டுமென்று கேட்டார். அபாயமுள்ள வேலைக்கு அதற்கேற்ற கூலி தரப்படுகிறது. கூலியை ஏற்றவன் உடன் வேலை செய்வோரால் வரும் அபாயத்தையும் ஏற்றவனே என்று சொல்லி ஷா வழக்கைத் தள்ளினார். கை இழந்தவன் வெறுங்கையோடு வீடு சென்றான். நாடு முழுவதும் இவ்விதியைப் பின்பற்றிற்று. எண்ணிறந்த தொழிலாளர் குடும்பங்கள் இதனால் வாடின. மாஸாசூஸெட்ஸ் சட்ட நிரூபண சபை 1887-லும் 1911-லும் இயற்றிய சட்டங்களாலேயே இதன் கடுமை நீங்கிற்று. ரயில் கம்பெனிகள் தழைக்க வேண்டுமென்ற கவலை நியாயாதிபதியின் உள்ளத்தில் இருந்ததென்பது எம் கருத்து. அது கெட்ட எண்ணமன்று. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவன் பார்வெல்.

இனி அடிமை வழக்குகளுக்கு வருவோம். மாஸாசூஸெட்ஸில் மனிதர் யாவரும் சுதந்தரராகவும் சமமாகவும் பிறந்தவர் என்று 1780-ம் ஆண்டின் அரசியல் அமைப்புக் கூறியதால், அங்கு அடிமைத்தனம் அக்காலத்தே ஒழிந்தது. தென்ராஜ்யங்களிலோ அது சட்டமாகவே நிலவிற்று. ஷா 1820-லேயே ஒரு பத்திரிகையில் அடிமைத்தனத்தைக் கண்டித்துக் கட்டுரை எழுதியவர். 1836-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மாது தன் தந்தையைக் காணப் பாஸ்டனுக்கு வந்தபோது, மெட் என்னும் ஆறு வயது அடிமைச் சிறுமியை உடன் அழைத்து வந்தாள். பாஸ்டன் நகரத்து அடிமை ஒழிப்பு மாதர் சங்கத்தார் நியாயஸ்தலத்தை அணுகினர். எஜமானரே தம் விருப்பத்தால் இந்த ராஜ்யத்துக்குக் கொண்டுவந்த அடிமை, இம்மண்ணை மிதித்தபின் அடிமையல்ல என்று ஷா தீர்ப்பளித்தார். வடராஜ்யங்கள் பல இதனைப் பின்பற்றின. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரம்பும் கட்டினார். எஜமானரை விட்டு ஓடிவந்த அடிமையைத் திருப்பித் தருவதாக ராஜ்யங்கள் யாவும் ஐக்கிய நாடுகளின் அரசியல் அமைப்பில் உடன்பட்டிருக்கின்றன. அவ்வுடன்பாடு இன்றேல் ஐக்கியமே இல்லை. ஆதலின் ஓடிவந்தவர்க்கு இவ்விதி பொருந்தாது என்பதே அது.

அந்த வரம்பு அவரையே பின்னாளில் வளைத்துக்கொண்டது. 1842-ல் ஜார்ஜ் லாட்டிமர் என்பவரைப் பாஸ்டனில் பிடித்தபோது ஷா விடுவிக்க மறுத்தார். ஊர் கொதித்தது, லாட்டிமரை 400 டாலர் கொடுத்து மீட்டனர். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் சட்ட நிரூபண சபைக்குச் சென்றது. ராஜ்ய அதிகாரிகளும் சிறைகளும் இத்தகைய காரியத்துக்கு உதவலாகாதென்று 1843-ல் சட்டம் பிறந்தது. 1850-ல் ஐக்கிய நாடுகளின் காங்கிரஸ் மேலும் கடுமையான சட்டமொன்று செய்தது. 1851 ஏப்ரலில், ஜார்ஜியா ராஜ்யத்து ஸவானாவிலிருந்து கப்பலில் ஒளிந்து தப்பி வந்த தாமஸ் ஸிம்ஸ் என்னும் இளைஞர் பிடிபட்டார். கூட்டம் புகுந்து விடுவித்துவிடுமென்று அஞ்சி நியாயஸ்தலக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினர். எழுபது வயதான தலைமை நியாயாதிபதி தம் பருத்த உடலைக் குனித்து அச்சங்கிலியின் கீழ் நுழைந்தே தம் பீடத்துக்குச் செல்ல நேர்ந்தது. அக்காட்சியைக் கண்டோர் மறக்கவில்லை. சட்டம் செல்லும் என்று அவர் தீர்ப்பளித்தார். ஸிம்ஸை விடியுமுன் காவலர் புடைசூழத் துறைமுகத்துக்கு நடத்திச் சென்று கப்பலேற்றினர். ஸவானாவில் அவருக்குப் பொதுமக்கள் முன் 39 கசையடி விழுந்தது.

ஸிம்ஸ் 1863-ல் மீண்டும் தப்பி வந்தார். 1851-ல் அவரைக் கப்பலேற்றிய ஐக்கிய நாடுகளின் மார்ஷல் சார்லஸ் டெவன்ஸ் என்பார், 1877-ல் தேசத்தின் தலைமைச் சட்ட அதிகாரியானபோது, தம் இலாகாவில் ஸிம்ஸுக்கு ஓர் உத்தியோகம் அளித்தார். அடித்தவனுக்கு மறந்துபோவதும் செய்தவனுக்கு உறுத்துவதும் உலகத்தில் இரண்டும் உண்டு போலும்.

1850-ம் ஆண்டு ஷாவுக்கு ஓய்வில்லாத ஆண்டு. முந்திய நவம்பரில் ஜார்ஜ் பார்க்மன் என்னும் செல்வர் காணாமற் போனார். அவரிடம் கடன்பட்டிருந்த ஹார்வர்டு வைத்தியக் கலாசாலை ஆசிரியர் ஜான் வெப்ஸ்டர் கொலைக் குற்றத்துக்காக நிறுத்தப்பட்டார். ஷாவோ ஹார்வர்டை ஆளும் சிறு குழுவில் 1834 முதல் அங்கத்தினர். மார்ச்சு மாதம் நடந்த விசாரணையைக் காண வந்த கூட்டத்தைப் பத்துப் பத்து நிமிஷம் உள்ளே விட்டு வெளியே அனுப்பினர். இவ்வாறு அறுபதினாயிரம் பேர் வந்து சென்றனரென்பர். நியாயமான சந்தேகம் என்றால் என்ன என்பதை ஷா அன்று ஜூரிமார்க்கு விளக்கிய வாசகத்தைப் பின்வந்த நியாயாதிபதிகள் நெடுங்காலம் கைக்கொண்டனர். ஜூரிமார் குற்றவாளியென்றனர், ஆகஸ்டு 30-ல் வெப்ஸ்டர் தூக்கிலிடப்பட்டார். தம் கலாசாலையைச் சேர்ந்தவரென்று ஷா கண் சாய்க்கவில்லை.

அந்த வழக்கைக் காணக் கூடியவர் அறுபதினாயிரம் பேர். அதே காலத்தில் ஷா தீர்த்த இன்னொரு வழக்கைக் காண அத்துணைக் கூட்டம் வரவில்லை. ஆயினும் பின்னாளில் நாட்டை வருத்தியது அதுவே. பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்னும் கறுப்பினத்து அச்சுத் தொழிலாளருக்கு ஸாரா என்று ஒரு மகள், ஐந்து வயது. கறுப்புக் குழந்தைகளுக்கென்று தனியே வைத்த பள்ளிக்குச் செல்வதானால் அக்குழந்தை வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் ஐந்து பள்ளிகளைத் தாண்டி நடக்க வேண்டும். அருகிலுள்ள பள்ளியிற் சேர்க்கும்படி தந்தை நான்கு முறை கேட்டார். பள்ளிக் குழுவினர் மறுத்தனர். ஒரு நாள் குழந்தை அப்பள்ளிக்குட் சென்றாள், வெளியேற்றப்பட்டாள். பள்ளிக்கூடத்திலே காலங்கழிக்கும் எம்போன்றார்க்கு இவ்விடத்தைப் படிக்கும்போது ஷாவின் சட்ட ஞானம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மரப்பலகையும் கையுமாக வாயிலில் நிற்கும் குழந்தையே தெரிகிறாள்.

ராபர்ட் மாரிஸ் என்னும் கறுப்பின வக்கீலும், பின்னாளில் செனெட் சபையில் புகழ் பெற்ற சார்லஸ் ஸம்னரும் 1849 டிசம்பரில் வழக்காடினர். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதே ஸம்னரின் வாதம். பிரித்து வைப்பது கறுப்புக் குழந்தையின் மனத்தைப் புண்படுத்துவதோடு வெள்ளைக் குழந்தையின் மனத்தையும் கெடுக்கும் என்றும் அவர் எடுத்துரைத்தார். ஷா சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் வயது, ஆண் பெண் வேறுபாடு முதலியன பற்றிப் பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரிக்கும் அதிகாரம் பள்ளிக் குழுவுக்கு உண்டு. நல்லெண்ணத்தோடு குழு செய்ததில் நியாயஸ்தலம் தலையிடாது. வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை, ஆதலின் சட்டத்தால் மாற்றவும் இயலாது என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்.

இங்கே எமக்கொரு கேள்வி எழுகிறது. ஓடிவந்த அடிமையின் வழக்கில் அவர் கையைக் கட்டியது எழுதப்பட்ட சட்டம். அது கொடுமையேனும், சத்தியப் பிரமாணம் செய்து பதவியேற்றவர் அதனை மீறுவது எப்படியென்று அவருக்காகப் பேசலாம். ஸாராவின் வழக்கில் பிரித்துவை என்று கட்டளையிட்ட சட்டம் எங்கே? ராஜ்யத்தின் அமைப்போ சமத்துவம் கூறியது. பார்வெல்லின் கையைப் பற்றி எழுத நூல்களில் இல்லாத விதியைத் தாமே வகுத்தவர், பூட்ஸ் தைப்போருக்காகப் பழைய விதியைத் தளர்த்தியவர், ஒரு குழந்தை அருகிலுள்ள பள்ளிக்குச் செல்ல வழியில்லையென்றது எதனால்? ஊரார் மனத்தின் எல்லையே அவர் துணிவுக்கும் எல்லையாயிற்று என்பதன்றி வேறு விடை எமக்குத் தோன்றவில்லை.

சட்டத்தால் மாற்ற இயலாதென்று அவர் சொன்னதைச் சட்டமே ஐந்து ஆண்டுகளில் மாற்றியது. வில்லியம் நெல் முதலிய கறுப்பினத் தலைவர்கள் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினர். ஷா முன்பு அமர்ந்திருந்த அதே சட்ட நிரூபண சபை, நிறமும் இனமும் மதமும் பற்றி எந்தப் பிள்ளையையும் பொதுப் பள்ளியிலிருந்து விலக்கலாகாதென்று 1855-ல் சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் குழந்தைகள் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தனர், ஊர் எரிந்துபோகவில்லை.

தீர்ப்போ சாகவில்லை. 1896-ல் ரயில் வண்டியில் கறுப்பரைத் தனியே பிரித்து வைப்பது செல்லுமென்று ஐக்கிய நாடுகளின் உச்ச நியாயஸ்தலம் தீர்த்தபோது ஷாவின் தீர்ப்பையே சான்றாகக் காட்டிற்று. அவர் ராஜ்யத்தில் மாண்டுபோன விதி, தென்ராஜ்யங்களில் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு உயிர் பெற்றது. பள்ளிகளில் அவ்வாறு பிரிப்பது செல்லாதென்று அதே உச்ச நியாயஸ்தலம் 1954-ல் தீர்க்கும்வரை அதன் நிழலிலே எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் பள்ளி சென்றனர்.

ஷா 1860 ஆகஸ்டில் தம் எண்பதாம் வயதில் பதவியை விட்டு விலகினார். தென்ராஜ்யங்கள் பிரிந்துபோக எழுந்த அவ்வாண்டு டிசம்பரில், ஓடிவந்த அடிமைகளுக்கு ஆதரவாக மாஸாசூஸெட்ஸ் இயற்றியிருந்த சட்டங்களை நீக்கி ஐக்கியத்தைக் காக்க வேண்டுமென்று பெரியோர் பலர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். 1836-ல் கட்டிய வரம்பை விட்டு அவர் இறுதிவரை ஓரடியும் பெயரவில்லை. 1861 மார்ச்சு 30-ம் தேதி பாஸ்டனில் காலமானார். கேம்பிரிட்ஜிலுள்ள மௌண்ட் ஆபர்ன் மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர். அவர் இறந்த பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 12-ல், ஸம்டர் கோட்டையின்மேல் முதற் குண்டு விழுந்து உள்நாட்டுப் போர் தொடங்கிற்று.